சாவி யாரிடம்?

எங்கள் பாட்டி காய் நறுக்கி முடித்த கையோடு அரிவாள்மணையைப் படுக்க வைப்பாள். அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகை கிளம்பினாலும் சரி, வாசலில் தபால்காரர் குரல் கொடுத்தாலும் சரி, மணை சாய்ந்த பிறகுதான் எழுந்திருப்பாள். நின்ற மணையை அப்படியே விட்டுப்போன மருமகள்களுக்குக் கிடைத்த அர்ச்சனை தெருக்கோடி வரை கேட்கும். இதற்கென்று சட்டம் ஏதும் கிடையாது. அரிவாள்மணை வைத்துக்கொள்ளும் உரிமைக்காக யாரும் மாநாடு கூட்டியதில்லை. அதைத் தடை செய்யச் சொல்லி யாரும் ஊர்வலம் போனதுமில்லை. தவழ்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் அது எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஊருக்கே ஒரே பேச்சுதான்.

டெக்சஸுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. மகள் இரண்டாம் வகுப்பு படித்தபோது ஒரு சனிக்கிழமை தோழி வீட்டுக்கு விளையாடப் போக வேண்டும் என்று அடம்பிடித்தாள். தோழியின் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். நாய் உண்டா, பின்கட்டில் நீச்சல் குளம் உண்டா, எங்கள் பெண்ணுக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது, கவனமாகப் பார்த்துக்கொள்வீர்களா என்று எல்லாம் கேட்டேன். 'வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, இருந்தால் பூட்டி வைத்திருக்கிறீர்களா' என்று மட்டும் கேட்கவில்லை. முதல் சந்திப்பிலேயே சம்பளம் எவ்வளவு, வீடு எத்தனைக்கு வாங்கினீர்கள் என்று கூசாமல் விசாரிக்கும் நம் ஆட்களுக்கே நாக்கு எழாத கேள்வி அது.

கேட்டிருக்க வேண்டும். பியூ ஆய்வு மையம் 2023-இல் எடுத்த கணக்கெடுப்பில் அமெரிக்கப் பெரியவர்களில் 32 சதவீதம் பேர் தங்களிடம் துப்பாக்கி இருப்பதாகச் சொன்னார்கள். தன்னிடம் இல்லை, ஆனால் வீட்டில் வேறொருவரிடம் இருக்கிறது என்றவர்கள் இன்னொரு 10 சதவீதம். ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே அமைப்பு 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இந்நாட்டு மக்களின் கையில் உள்ள துப்பாக்கிகள் 39 கோடிக்கு மேல். தலைக்கு ஒன்று கொடுத்தாலும் மிச்சம் இருக்கும். இருபது பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் சராசரிக்கு எட்டு வீட்டுப் பிள்ளைகள் துப்பாக்கி இருக்கும் கூரையின் கீழே தூங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே துப்பாக்கி என்று வாயெடுத்தால் உடனே இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு 1791-இல் அரசமைப்பில் சேர்ந்த இரண்டாம் திருத்தம் வேதவாக்கு. மற்றக் கட்சிக்கு அந்த 27 சொற்கள் குதிரைவண்டிக் காலத்துப் பழங்கதை. 2008-இல் உச்ச நீதிமன்றம் ஹெல்லர் வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனித உரிமை என்று சொல்லிவிட்டது. அதே தீர்ப்பிலேயே, எழுதிய நீதிபதி ஸ்கேலியா, இந்த உரிமைக்கும் வரம்பு உண்டு என்றார். முதல் பாதியை ஒரு கட்சி படிக்கிறது, இரண்டாம் பாதியை மற்றது. என்ஆர்ஏ என்ற தேசிய ரைபிள் சங்கத்தின் கதையும் வேடிக்கையானது. உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் குறி தவறிச் சுட்டதைப் பார்த்து நொந்த வடதரப்பு அதிகாரிகள் 1871-இல் தொடங்கிய குறிசுடும் பயிற்சிச் சங்கம் அது. 1977-இல் சின்சினாட்டியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் பழைய நிர்வாகிகளை வெளியேற்றிவிட்டு அரசியல் அணி கையில் எடுத்துக்கொண்டது. குறி கற்றுக்கொடுத்த சங்கம் வாக்கு சேர்க்கும் சங்கமாயிற்று.

நாம் இந்தச் சண்டையில் ஒதுங்கி நிற்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆங்கிலேயர் 1878-இல் ஆயுதச் சட்டம் போட்டு இந்தியரின் கையைக் கட்டினார்கள். அந்த அவமானம் காங்கிரசை உறுத்திக்கொண்டே இருந்தது. 1931-இல் கராச்சித் தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் குடிமக்களின் உரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் 1948 டிசம்பரில் அரசமைப்பு அவையில் எச்.வி. காமத் அதையே திருத்தமாகக் கொண்டுவந்தபோது அம்பேத்கர் ஏற்கவில்லை. நாட்டின் நிலையைப் பார்க்கும்போது எல்லோருக்கும் அப்படியொரு உரிமை கொடுக்க முடியாது என்பது அவர் கட்சி. அதனால் நமக்குத் துப்பாக்கி என்றால் போலீஸ்காரர் தோளில் தொங்குவது, அல்லது வங்கி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் முன்னாள் ராணுவக்காரர் மடியில் கிடக்கும் இரட்டைக்குழல். நம்மில் பெரும்பாலோர் அதைத் தொட்டதே கிடையாது.

இப்போது தொடுகிறோம். விசாவில் இருப்பவர் பொதுவாகத் துப்பாக்கி வாங்க முடியாது, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளைத் தவிர. கிரீன் கார்டு வந்துவிட்டால் அந்தத் தடை இல்லை. வார இறுதியில் சுடுகளத்துக்குப் போய் வந்து வாட்ஸாப்பில் படம் போடும் தமிழ் இளைஞர்கள் இருக்கிறார்கள். பொழுதுபோக்குக்காக இல்லாமல் பயத்தில் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். நகைக்காக இந்திய வீடுகளாகப் பார்த்துப் புகுந்த கும்பல்கள் பல மாநிலங்களில் பிடிபட்டதைப் படித்துவிட்டு, மனைவிக்குக்கூடச் சொல்லாமல் கடைக்குப் போனவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அவர் வீட்டு ஏற்பாட்டைக் கேளுங்கள். நகை பேங்க் லாக்கரில். அதைக் காக்க வாங்கிய பிஸ்டல் மெத்தைக்கடியில், தோட்டா போட்டபடி. வீட்டில் பதினான்கு வயதுப் பையன்.

அவரிடம், "அண்ணா, இதை யாரிடமிருந்து காப்பாற்ற வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "திருடன் வந்தால் பூட்டைத் திறந்துகொண்டிருக்க முடியுமா தம்பி?" என்றார். இது நியாயமான கேள்வி. ஹெல்லர் வழக்கின் ஒரு பாதியே இந்தக் கேள்விதான்: வாஷிங்டன் நகரம் வீட்டுத் துப்பாக்கியைப் பிரித்தோ விசைப்பூட்டுப் போட்டோதான் வைக்க வேண்டும் என்று விதித்திருந்தது, ஆபத்து நேரத்துக்கு உதவாது என்று நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. விரல் வைத்தால் சில நொடிகளில் திறக்கும் சிறிய பெட்டகங்கள் இன்று சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கின்றன என்று அவருக்குச் சொன்னேன். அது பதிலின் ஒரு பங்குதான். மீதிப் பங்கைச் சொல்ல எனக்கே தயக்கமாக இருந்தது.

மீதி இதுதான். 2023-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதில் 27,300 பேர், அதாவது பத்தில் கிட்டத்தட்ட ஆறு பேர், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர்கள். தொலைக்காட்சியில் நாள்கணக்கில் ஓடும் பள்ளிப் படுகொலைகள் மொத்த எண்ணிக்கையில் மிகச் சிறிய பங்கு. வெளியிலிருந்து வரும் திருடனுக்காக வாங்கி வைத்த பொருள், வீட்டுக்குள் இருக்கும் ஒருவரின் மோசமான ராத்திரிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. அந்த ராத்திரி பெரும்பாலும் கடந்துபோகக் கூடியது என்பதுதான் கொடுமை. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்பாடு அப்படிச் சாவதில்லை என்று நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். துப்பாக்கியைக் கையில் எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் 'பிற்பாடு' கிடைப்பதில்லை.

2009-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர், ஒரு வார காலத்துக்குள், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிப்போய்ச் சில மணி நேரத்தில் இறந்துபோனார்கள். கடைக்காரர் சட்டப்படி எல்லாச் சரிபார்ப்பும் செய்திருந்தார். அவர்மேல் குற்றமில்லை, வழக்குமில்லை. அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. தற்கொலைத் தடுப்பில் வேலை செய்யும் பொதுச் சுகாதாரக்காரர்களோடு உட்கார்ந்தார். துப்பாக்கிச் சங்கத்தைச் சேர்ந்தவர்களும் வந்தார்கள். அரசியலில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள் அந்த மேசையில் ஒரு துண்டுப் பிரசுரத்தின் வாசகத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். வாங்க வருபவரிடம் எதைக் கவனிப்பது, சந்தேகம் வந்தால் விற்க மறுப்பது எப்படி, வீட்டில் ஒருவர் மனமுடைந்து இருந்தால் துப்பாக்கியைக் கொஞ்ச நாள் வேறிடத்தில் வைப்பது எப்படி: இவ்வளவுதான் அதில் இருந்தது. தடை என்ற சொல்லே கிடையாது. மாநிலத்துக் கடைகளில் ஏறக்குறைய பாதி அந்தச் சுவரொட்டியையோ பிரசுரத்தையோ வைத்தன. பிறகு மற்ற மாநிலங்களும் எடுத்துக்கொண்டன. கொலராடோவில், துப்பாக்கியைத் தற்காலிகமாக ஒப்படைக்கக்கூடிய கடைகளையும் காவல் நிலையங்களையும் வரைபடமாகவே போட்டிருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் கடலூர் மாவட்டம் நினைவுக்கு வந்தது. காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் உயிரைக் கொண்டுபோனது பூச்சிமருந்து. அங்கே சென்னையைச் சேர்ந்த சிநேகா அமைப்பின் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவும் பூச்சிமருந்தை வீட்டுப் பரணிலிருந்து எடுத்து, ஊர்ப் பொதுவில் ஒரு கட்டடம் எழுப்பிப் பூட்டுள்ள பெட்டிகளில் வைக்கச் செய்து பார்த்தார்கள். விவசாயியின் மருந்து விவசாயியுடையதுதான். வயலுக்கு வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். சண்டை போட்டுக்கொண்ட ராத்திரியில் கைக்கெட்டாது, அவ்வளவுதான். சிறிய அளவில் நடந்த முயற்சி, ஆனாலும் அந்த ஊர்களில் தற்கொலை குறைந்தது பதிவாகியிருக்கிறது. இலங்கை இன்னும் பெரிய பாடம். கொடிய பூச்சிமருந்துகளை அந்நாடு ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தையிலிருந்து எடுத்தது. 1995-இல் லட்சத்துக்கு 47 ஆக இருந்த தற்கொலை விகிதம் 2005-இல் 24 ஆயிற்று. பத்து வருஷத்தில் அம்மக்களின் துயரம் பாதியாகக் குறைந்துவிடவில்லை. போரும் சுனாமியும் பார்த்த பத்து வருஷம் அது. கைக்கெட்டும் தூரத்திலிருந்து ஒரு பொருள் விலகியது.

பூட்டுக்கு வக்காலத்து வாங்குகிறவன் இலங்கையிலிருந்தே வந்த இன்னொரு முடிவையும் சொல்ல வேண்டும். அங்கே 180 கிராமங்களில், பாதி ஊர்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப்போட்ட மருந்துப் பெட்டி கொடுத்துச் சில ஆண்டுகள் கவனித்தார்கள். 2017-இல் முடிவு வந்தது. பலன் இல்லை. என்னைக் கேட்டால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம் வீடுகளில் பீரோ சாவி எங்கே இருக்கும் என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியும். சாமி படத்துக்குப் பின்னால், அல்லது அரிசிப் பானைக்குள். வீட்டுப் பூட்டு வீட்டாருக்குப் பூட்டு ஆகாது. அமெரிக்காவில் பூட்டி, தோட்டாவைத் தனியே வைத்த வீடுகளில் பிள்ளைகளுக்கு ஆபத்து குறைவு என்று 2005-இல் வந்த ஆய்வு காட்டியிருக்கிறது. அதனால் பூட்டு வீண் என்று நான் சொல்ல வரவில்லை. பூட்டை வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிற மனநிலையைத்தான் சொல்கிறேன். சாவி யாரிடம், அந்த ஆளுக்கே மனம் சரியில்லாதபோது சாவி யாரிடம் போகும், இதை யோசித்து வைத்திருக்கிற வீடு எத்தனை?

சட்டம் தன் பங்குக்கு மெல்ல நகர்கிறது. பிள்ளை கைக்கெட்டும்படி துப்பாக்கியை விட்டுவைப்பதைக் குற்றமாக்கிய முதல் மாநிலம் ஃபுளோரிடா, 1989-இல். டெக்சஸிலும் அப்படியொரு சட்டம் இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மிச்சிகனில் 2021 நவம்பர் 30 அன்று ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் நான்கு மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். பெற்றோர் நான்கு நாள் முன்பு வாங்கிக்கொடுத்த துப்பாக்கி அது. 2024-இல் தாயையும் தந்தையையும் தனித்தனி ஜூரிகள் குற்றவாளிகள் என்றன. இருவருக்கும் பத்து முதல் பதினைந்து ஆண்டு சிறை. பிள்ளை செய்த கொலைக்குப் பெற்றோர் பொறுப்பா என்று அன்று நம் தமிழ்ப் பள்ளி வாசலில் நடந்த விவாதம் சூடானது. நான் ஜூரிகள் பக்கம்தான். ஆனால் தண்டனை என்பது நான்கு பிள்ளைகளைப் புதைத்த பிறகு வருவது.

கூட்டரசு அளவில் 2022-இல் ஒரு வினோதம் நடந்தது. ஜூன் 23 அன்று காலையில் உச்ச நீதிமன்றம் புரூவன் வழக்கில் பொது இடங்களில் துப்பாக்கி ஏந்தும் உரிமையை விரிவாக்கியது. அன்று இரவே செனட் சபை, பஃபலோவிலும் யுவால்டியிலும் நடந்த படுகொலைகளை அடுத்து வந்த பாதுகாப்பு மசோதாவை 65-க்கு 33 என்று நிறைவேற்றியது. குடியரசுக் கட்சியினர் 15 பேர் ஆதரித்தார்கள். ஒரே நாளில் இரண்டும். இவை ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன என்று இரு கட்சியும் எழுதின. உரிமை உண்டு, பொறுப்பும் உண்டு என்று ஒரே தேதியில் நாடு சொன்னதாக எனக்குப் பட்டது.

கட்டுப்பாடு வேண்டும் என்கிற நம்மவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், அவர்களில் நானும் ஒருவன். துப்பாக்கி வைத்திருப்பவரை முரடர் என்றும் மூடர் என்றும் பேசிவிட்டு, அவர் வீட்டுப் பெட்டகத்தைப் பற்றி அவரிடமே கேட்க முடியாது. உரிமை பேசுபவர்களிடமும் ஒன்று. பக்கத்து வீட்டம்மா 'பூட்டி வைத்திருக்கிறீர்களா' என்று கேட்டால் அது பறிமுதல் அல்ல. நாய் கடிக்குமா என்று கேட்கிற அதே கேள்வி. துப்பாக்கித் தொழில்துறையின் சொந்தச் சங்கமே 1999 முதல் இலவசமாகக் கம்பிப் பூட்டு வழங்கி வருகிறது. கைத்துப்பாக்கி விற்கும் கடைக்காரர் பூட்டும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பூட்டு பல வீடுகளில் பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

காரிலேயே விட்டுப்போவது இன்னொரு கெட்ட பழக்கம். 2017 முதல் 2021 வரையிலான ஐந்து ஆண்டுகளில் திருடுபோனதாகப் பதிவான துப்பாக்கிகள் 10 லட்சத்துக்கு மேல், பெரும்பாலும் தனியார் கையிலிருந்து போனவை. அவை எந்தத் தெருவில் எவர் கைக்குப் போகின்றன என்பதை விவரிக்கத் தேவையில்லை.

தமிழ்ச் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் இதில் செய்யக்கூடியது சிறியது. ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோர் நிரப்பும் படிவத்தில் ஒவ்வாமை, அவசரத் தொலைபேசி எண் என்று கேட்கிறோம். பிள்ளைகள் மாறிமாறி வீடுகளுக்குப் போகும் ஊரில், துப்பாக்கி இருந்தால் பூட்டி வைப்போம் என்ற ஒரு வரியை அங்கே சேர்க்கலாம். யாரிடம் இருக்கிறது என்று பட்டியல் எடுக்கக் கூடாது. எடுத்தால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள், சொல்லவும் வேண்டியதில்லை. பொங்கல் விழாவில் ரத்த அழுத்தம் பார்க்கும் மேசைக்குப் பக்கத்தில் உள்ளூர்க் காவல்துறையை அழைத்து ஒரு பெட்டி பூட்டுகளை வைக்கச் சொல்லலாம். மனம் தளர்ந்தவர்கள் 988 என்ற எண்ணை அழைக்கலாம் என்பதைத் தமிழில் ஒட்டி வைக்கலாம். வேலை போய், விசா கெடு நெருங்கி, ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல், இங்கே யாரிடமும் சொல்லாமல் புழுங்குகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அந்தப் பொருள் இருக்கிறதா என்று கேட்கும் உரிமை வேறு யாருக்கும் இல்லாவிட்டாலும் நண்பனுக்கு உண்டு.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர், பழைய வின்செஸ்டர் ரைபிள்கள் சேகரிப்பவர். எங்களுக்குள் வாக்குச் சீட்டு ஒருபோதும் ஒத்துப்போனதில்லை. பருத்திக் கையுறை போடாமல் ஒன்றையும் தொடமாட்டார். விரல் வியர்வை இரும்பில் துருவாகும் என்பார். 1898 வரை செய்யப்பட்டது கூட்டரசுச் சட்டத்தின் கண்ணுக்குத் துப்பாக்கியே ஆகாது, அடுத்த வருஷம் செய்த அதே ரைபிள் ஆகும் என்று வரிசை எண்ணைக் காட்டிச் சிரிப்பார். சேகரிப்போருக்கான உரிமம் உண்டு. எது எப்போது வந்தது, யாருக்குப் போனது என்று அழகான கையெழுத்தில் நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். மகளை முதல்முறை அவர் பேத்தியோடு விளையாட அனுப்பியபோது, தயங்கித் தயங்கி அந்தக் கேள்வியைக் கேட்டேன். கோபிப்பார் என்று நினைத்தேன். கூட்டிப்போய் ஆளுயரப் பெட்டகத்தைக் காட்டினார். பிறகு, "உங்கள் நீச்சல் குளத்து வேலிக்கதவு தானாக மூடிக்கொள்ளுமா?" என்று கேட்டார். மூடிக்கொள்ளாது. அன்று மாலையே கீல் மாற்றினேன்.

இரண்டு வருஷம் முன்பு அவர் மனைவி புற்றுநோயில் போனார். அந்தக் குளிர்காலத்தில் அவர் வீட்டு விளக்கு விடியும் வரை எரியும். வசந்தம் வந்த பிறகு ஒருநாள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ரைபிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே சொன்னார். அடக்கம் முடிந்த மறுநாள் தன்னோடு வேட்டைக்கு வரும் பழைய சிநேகிதரை அழைத்து, பெட்டகத்தின் எண்ணை மாற்றிக்கொண்டு போகச் சொன்னாராம். நானே கேட்டாலும் சொல்லாதே என்றாராம். சிநேகிதர் ஏன் என்று கேட்கவில்லை. மாற்றிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாலையில் காபி வாங்கிக்கொண்டு வந்து, ஒரு மணி நேரம் பேஸ்பால் பற்றிப் பேசிவிட்டுப் போவார். மார்ச் மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு, காபிக் கோப்பையின் மூடியில் பேனாவால் ஆறு இலக்கம் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தாராம்.